லாவோஸ் நாட்குறிப்பு: மேக்கொங்கும் ஒரு கூடை அரிசியும்

நாள் 1, சியாங் கொங்

அறைக்குப் பின்னால் நாலு எட்டு வைத்தால் மேக்கொங். அக்கரையில் மினுங்கும் விளக்குகள் லாவோஸ் நாட்டுடையவை, இக்கரை தாய்லாந்து. நடுவில் ஆறு இருட்டோடு இருட்டாகச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சென்னையிலிருந்து பாங்காக், அங்கிருந்து சியாங் ராய், அப்புறம் ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கும் ஒரு பழைய பஸ்ஸில் இந்த ஊர். ஜனவரிக் குளிர் முகத்தில் அறைந்துகொண்டே வந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

வேலையை விட்டு இன்றோடு பத்தொன்பது நாள். பதினைந்து வருஷம் சென்னை ஓஎம்ஆர் சாலையில் மென்பொருள் வேலை. டெஸ்டிங்கில் சேர்ந்தேன், கடைசி நான்கு வருஷம் நாற்பது பேரை மேய்க்கும் பொறுப்பு. ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் “கொஞ்சம் ரெஸ்ட்” என்று சொல்லி வைத்தேன். நிஜக் காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா செய்யும் கவுனி அரிசிக்குத் தெருவே காத்திருக்கும். கறுப்பரிசியை ராத்திரி ஊறப்போட்டு, விடியலில் இட்லிப் பானையில் துணி கட்டி அவித்து, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் போட்டுக் கிளறுவார். குக்கரில் வைத்தால் குழைந்துவிடும் என்று ஒருநாளும் வைத்ததில்லை. “ஒரு தடவை கூட நின்னு பாருடீ, பேரு வெளங்கக் கத்துத் தர்றேன்” என்று எட்டு வருஷமாகக் கேட்டார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஏதாவது ஒரு மென்பொருள் ரிலீஸ் வந்து நிற்கும். பொங்கல் அன்று காலை போவேன், மறுநாள் காலை லேப்டாப்போடு திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அப்பத்தா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தப் பக்குவம் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் தெரியாது. அம்மா செய்தால் களியாகிவிடுகிறது.

அவ்வளவுதான். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் இல்லை.

நாள் 2, ஹுவாய் சாய்

பாலம் தாண்டி லாவோஸுக்குள் வந்துவிட்டேன். இந்த நட்புப் பாலம் 2013 டிசம்பரில் திறந்தது. அதற்கு முன்னால் எல்லாரும் சின்னப் படகில்தான் ஆற்றைக் கடந்தார்களாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இங்கேயே விசா கொடுத்தார்கள், முப்பது நாள். டாலர் நோட்டில் கிழிசலோ மடிப்போ இருந்தால் வாங்க மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, சென்னையிலேயே பார்த்துப் பார்த்துப் புது நோட்டாக வாங்கி வந்திருந்தேன்.

நாளைக்கு லுவாங் பிரபாங் என்ற பழைய ஊருக்குப் படகு. பெயர் ‘ஹுவா சா’. ஹுவா என்றால் படகு, சா என்றால் மெதுவாக. இதே வழியில் வேகப் படகும் ஓடுகிறது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டியைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தால் ஆறு மணி நேரத்தில் லுவாங் பிரபாங். வெயில் காலத்தில் பாறை தலைகாட்டும் ஆறு இது, விபத்துகளும் நடந்திருக்கின்றன. மெதுவான படகுக்கு முழுசாக இரண்டு நாள். சுமார் 300 கிலோமீட்டர்.

நாள் 3, பாக் பெங்

இரண்டு முனையும் கூராக, ஒரு தெரு நீளத்துக்கு மரப்படகு. பழைய வேன்களில் கழற்றிய சீட்டுகளைப் பலகையில் அடித்து வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். பின்னால் எஞ்சின். அதற்கும் பின்னால் படகுக்காரர் குடும்பத்தின் வீடு: ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கொடியில் காயும் குழந்தைச் சட்டை. முன்பாதியில் எங்களைப் போன்ற பயணிகள். பின்பாதியில் அரிசி மூட்டை, வெங்காயம், ஒரு மோட்டார் சைக்கிள், கூடைக்குள் இரண்டு சேவல்கள்.

முதல் மூன்று மணி நேரம் நான் இருப்புக்கொள்ளாமல் தவித்தேன். சிக்னல் இருக்கிறதா என்று போனைப் பார்ப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தேன். யாரும் என்னைத் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை. ஆனாலும் உள்ளங்கை வேர்த்தது. பதினைந்து வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது, தலையில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அப்புறம் படகோட்டியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஐம்பது வயது இருக்கும். முன்னால் உட்கார்ந்து சக்கரம் திருப்புகிறார். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் இடத்தில் சுற்றிப் போகிறார், நுரைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் நேரே விடுகிறார். எனக்கு அது தலைகீழாகப் பட்டது. கொஞ்சம் கவனித்த பிறகுதான் பிடிபட்டது. வழவழவென்று ஒரு வட்டம் புரண்டு எழுந்தால் அடியில் பாறை. ஓரிடத்தில் வேகத்தை அடியோடு குறைத்தார். பையன் ஒருவன் மூங்கில் கழியோடு முனையில் போய் நின்று ஆழம் குத்திப் பார்த்தான். இரண்டு குத்து, ஒரு கையசைப்பு. படகு அரையடி இடம்விட்டு ஒரு கரும்பாறையைத் தாண்டியது. பாறையில் வண்ணான்துறைக் கல் போல வழவழப்பு. எத்தனை மழைக்காலம் தேய்த்ததோ!

கரையில் எந்தத் துறையும் கிடையாது. மணல்திட்டில் யாராவது நின்று கையாட்டினால் படகு மூக்கை மணலில் செருகுகிறது. ஒரு பாட்டி இறங்கினார். அவர் பின்னாலேயே மூன்று மூட்டையும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் இறங்கின. மேலே காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. படகு கிளம்பி வளைவு திரும்பும்வரை அவர் நாற்காலியை மணலில் போட்டு அதில் உட்கார்ந்தே இருந்தார், யாரோ வந்து மூட்டை தூக்க வேண்டும் போல.

வெயில் காலத்தில் ஆறு இறங்கினதும் இரண்டு கரையிலும் தோட்டம் போட்டுவிடுகிறார்கள். வேர்க்கடலை, பயற்றங்காய், சோளம். வண்டல் மண்ணுக்கு உரமே வேண்டாமாம். மழை வந்தால் தோட்டம் ஆற்றோடு போய்விடும், அடுத்த வருஷம் மறுபடி போடுவார்கள்.

ராத்திரித் தங்கல் பாக் பெங். ஒரே ஒரு மேட்டுத் தெரு.

நாள் 4, லுவாங் பிரபாங்

காலையில் மூடுபனி. பத்து மணி வரை கரையே தெரியவில்லை. தெளிந்த பிறகு தண்ணீர் நீலமும் பச்சையும் கலந்த நிறத்தில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாவோஸ் ஆசிரியர் ஒருவர் ஆங்கிலம் பேசினார். “பார்க்க அழகு. ஆனால் இது ஆற்றின் நிறம் இல்லை” என்றார். மேக்கொங் செம்மண் நிறம்தான். மேலே அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெயில் காலத்தில் இப்படித் தெளிந்துவிடுகிறதாம். வண்டல் இல்லாவிட்டால் நேற்றுப் பார்த்த தோட்டங்களுக்குச் சோறு எங்கே?

மதியத்துக்கு மேல் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் அணையின் இடம் வந்தது. லுவாங் பிரபாங் ஊருக்குச் சுமார் 25 கிலோமீட்டர் மேலே. கிரேன்கள், மலையை வெட்டிய சிவப்புக் காயம். ஊருக்குக் கீழே சாயபுரியில் ஓர் அணை 2019 முதல் ஓடுகிறது. அதுவரை சளசளவென்று இருந்த படகு அந்த இடத்தைத் தாண்டும்போது அடங்கிவிட்டது. ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. கரன்ட் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சென்னையில் ஏசி போட்டுத் தூங்கியவள். ஆனால் இரண்டு நாள் ஒரு ஆற்றின் மேலேயே உட்கார்ந்து வந்தவளுக்கு நெஞ்சு கனத்தது.

கொஞ்ச நேரத்தில் நாம் ஊ ஆறு வந்து சேரும் இடம். எதிரே சுண்ணாம்புப் பாறைக் குடைவில் பாக் ஊ குகைகள், உள்ளே ஆயிரக்கணக்கில் புத்தர் சிலைகள். படகிலிருந்தே பார்த்தோம்.

லாவோ மொழியில் ஆற்றுக்கு ‘மே நாம்’. மே என்றால் அம்மா, நாம் என்றால் தண்ணீர். ஆசிரியர் இறங்கும்போது சொல்லிக்கொடுத்தது.

நாள் 6

நாம் கான் ஆறு மேக்கொங்கில் கலக்கும் முனையில் நாக்கு மாதிரி நீண்டிருக்கிறது இந்தப் பழைய ஊர். 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஓட்டு வீடுகள், இறங்கு கூரைக் கோயில்கள், எல்லா முற்றத்திலும் ஈழத்தலரி மரம். நான் ஒரு சந்துக்குள் ஒரு வீட்டு மாடியில் மாத வாடகைக்கு அறை பிடித்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து இருக்கும். இங்கே மூத்த பெண்களை ‘மே’ என்றே கூப்பிடுகிறார்கள். அவர் என்னை ‘லூக்’ என்கிறார், பிள்ளை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த லாவோ இருபது வார்த்தை, அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் பத்து. மிச்சத்தைக் கையும் முகமும் பார்த்துக்கொள்கின்றன.

நண்பர்கள் கேட்ட கணக்கு: வீட்டுக் கடன் போன வருஷமே முடிந்தது. பி.எஃப். பணத்தைத் தொடவில்லை. ஒரு வருஷச் செலவுக்கென்று தனியாகச் சேர்த்து வைத்தது இருக்கிறது. அம்மாவுக்கு மாதாமாதம் போகிறது. நூறு ரூபாய்க்கு இந்த ஊர்க் காசான கிப் இருபதாயிரத்துக்கும் மேல் கிடைக்கிறது. சந்தையில் சாப்பிட்டால் சென்னைச் செலவில் பாதிதான். இந்த ஏற்பாடெல்லாம் இல்லாமல் வேலையை உதறிவிட்டு வாருங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு இதற்கு ஆறு வருஷம் ஆனது.

நாள் 7

ஐந்தரை மணிக்குக் கோயில் முரசு. பிக்குகள் வரிசையாக வெறுங்காலோடு பிச்சைக்கு வருகிறார்கள். ‘தக் பாத்’ என்கிறார்கள். பெரிய தெருவில் சுற்றுலாக் கூட்டம் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. எங்கள் சந்தில் ஆறு பாட்டிகள், ஒரு நாய், அவ்வளவுதான். மே தாழ்வான பாயில் முழந்தாளிட்டு, தோளில் துண்டு குறுக்கே போட்டு, மூங்கில் கூடையிலிருந்து சோற்றை ஒரு கிள்ளு கிள்ளாக ஒவ்வொரு பாத்திரத்திலும் வைத்தார். ஒரு சொல் இல்லை. வரிசைக் கடைசியில் வந்த பத்து வயதுச் சாமணேரன், அதாவது பயிற்சியிலிருக்கும் சின்னப் பிக்கு, சந்து முனையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு ஏழைப் பையனின் கூடையில் தன் பங்கிலிருந்து ஒரு உருண்டை போட்டுவிட்டுப் போனான்.

எதிர்த்த வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மே என்னைக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. அது சரி என்றே தோன்றியது.

நாள் 10

இன்று எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

நேற்று ராத்திரி அடுப்படிப் பக்கம் போனேன். மே ஒரு மண்சட்டியில் அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை அரிசிக்கு நடுவில் ஒரு பிடி கறுப்பரிசி. நெஞ்சு ஒரு கணம் நின்றது. கையில் எடுத்துப் பார்த்தேன். அச்சு அசலாக நம் கவுனி. எங்கள் பக்கம் அதை பர்மாவிலிருந்து வந்த அரிசி என்றுதான் சொல்வார்கள். ‘காவ் காம்’ என்றார் மே. நான் அழுவதைப் பார்த்துப் பதறிவிட்டார். “போ பென் ஞாங், போ பென் ஞாங்” என்று முதுகைத் தடவினார். பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

காலை நாலேமுக்காலுக்கு என் கதவைத் தட்டினார்.

கும்மட்டி அடுப்பு மாதிரியே ஒரு மண் அடுப்பு, கரி. அதன் மேல் இடுப்பு சிறுத்த ஒரு அலுமினியப் பானை, பாதிக்கும் குறைவாகத் தண்ணீர். வாயில் கூம்பாக ஒரு மூங்கில் கூடை. ஊறிய அரிசியை இரண்டு தடவை அலசிக் கூடையில் கொட்டி, ஒரு மூடியைக் கவிழ்த்தார். தண்ணீர் அரிசியைத் தொடவே கூடாது. ஆவி மட்டும்தான்.

இருபது நிமிஷம் நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. நான் அடுப்பை விசிறப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார். “சா சா.” மெதுவாக.

அப்புறம் வாசனை மாறியது. பச்சரிசி மணம் போய், நெல் அவிக்கும் மணம் மாதிரி ஒன்று. மே கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மூக்கை மட்டும் திருப்பினார். கூடையைத் தூக்கி, வெறுங்கையால் லேசாக ஒரு குலுக்கு, ஒரு வீச்சு. மொத்தச் சோறும் ஒரே அடையாக எழும்பித் தலைகீழாகக் கவிழ்ந்து அதே கூடையில் விழுந்தது. மேலே வேகாமல் இருந்தது இப்போது அடியில். மறுபடி மூடி, இன்னும் பத்து நிமிஷம்.

அப்பத்தா பாதியில் துணியைப் பிடித்து எதையோ செய்வார். திண்ணையில் இருந்தபடி, சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன். ‘தொப்’பென்று ஒரு சத்தம். லேப்டாப்பிலிருந்து நான் தலை நிமிர்ந்ததில்லை. அது இந்தத் திருப்பல்தான்.

வெந்ததை மரத்தட்டில் கொட்டி, அகப்பையால் பரத்தி, ஆவி போகப் புரட்டினார். இல்லாவிட்டால் வேர்த்துப் பிசுபிசுக்குமாம். கறுப்பரிசியின் சாயம் இறங்கி மொத்தமும் கத்தரிப்பூ நிறம். உருட்டி மூடிபோட்ட மூங்கில் கூடையில் வைத்தார். சுட்ட தக்காளியும் மிளகாயும் பூண்டும் இடித்த ‘ஜெயோ’ தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம். நம்மூர்ச் சுட்ட துவையல் மாதிரியே, ஓரத்தில் ஒரு மீன் வாசனை மட்டும் கூடுதல்.

நாள் 12

இன்று நானே திருப்பினேன். பாதிச் சோறு தரையில். மே பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சிந்தியதைக் கோழிக்குப் போட்டார்.

நாள் 15

இரவுச் சந்தையில் அலுமினிய ஸ்பூன் விற்கிறார்கள். அமெரிக்கா போட்ட வெடிகுண்டுகளின் உலோகத்தை உருக்கி வார்த்தது. 1964 முதல் 1973 வரை இந்தச் சின்ன நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கும் மேல் குண்டு விழுந்தது. அதில் வெடிக்காமல் கிடப்பது இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. ஊரிலேயே இதற்கான அலுவலகக் காட்சியகம் ஒன்று இருக்கிறது, போய்ப் பார்த்தேன். வயலில் புதிதாக ஒரு குழி தோண்டப் பயப்படும் கிராமங்கள் பற்றி எழுதியிருந்தார்கள். மண்வெட்டியை ஓங்காமல் மெல்லக் கீறித் தோண்டும் மனிதர்கள். மெதுவாக வாழ வேண்டும் என்று பணம் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறேன் நான். பயத்தால் மெதுவாக வாழ்கிறவர்களும் இதே நாட்டில் இருக்கிறார்கள். அந்த ஸ்பூனை வாங்காமல் வர மனசு வரவில்லை, வீட்டுக்கு வந்து அதில் சாப்பிடவும் மனசு வரவில்லை.

நாள் 18

மதியம் சியெங் தோங் கோயில். 1560 வாக்கில் சேத்தாதிராத் மன்னர் கட்டியது. கூரை அடுக்கடுக்காகத் தரையைத் தொடுகிற மாதிரி இறங்குகிறது. அரசரின் இறுதி ஊர்வலத் தேர் நிற்கும் மண்டபத்தின் முகப்பு முழுக்க ராமாயணக் காட்சிகள், மரத்தில் செதுக்கித் தங்கம் பூசியது. அனுமாரை மட்டும் சட்டென்று கண்டுபிடித்தேன். அவர் எந்த ஊருக்குப் போனாலும் அப்படியேதான் இருக்கிறார்.

நாள் 20

பழைய அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். மூன்று மாதக் கான்ட்ராக்ட், வீட்டிலிருந்தே செய்யலாம், நல்ல பணம். ராத்திரி தூக்கம் வரவில்லை. பயம்தான். முப்பத்தெட்டு வயசு, இடைவெளி விழுந்தால் திரும்ப எடுப்பார்களா, அம்மாவுக்கு நாளைக்கு ஒன்று என்றால் என்ன செய்வேன்? இந்தப் பயம் பொய் இல்லை. அதை மறைத்து எழுதினால் இந்த நாட்குறிப்பே பொய்யாகிவிடும்.

நடுராத்திரி கீழே இறங்கினேன். மண்சட்டியில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன், பாதி உடைந்தது, பாதி இன்னும் கல். மேலே போய்ப் படுத்தேன். காலையில் மெயிலுக்கு, ‘ஜூன் வரை முடியாது’ என்று ஒரு வரி அனுப்பினேன். ஜூனில் முடியும் என்றும் எழுதவில்லை.

நாள் 23

2021 டிசம்பரிலிருந்து சீன எல்லைக்கும் தலைநகர் வியன்டியானுக்கும் ரயில் ஓடுகிறது. இங்கிருந்து தலைநகருக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. மலைச் சாலையில் முன்பு ஒரு பகல் முழுக்க ஆகுமாம். விசா முடியும் முன் நானும் அந்த ரயிலில்தான் போகப்போகிறேன். மேயின் பேத்தி அங்கே நர்ஸிங் படிக்கிறாள், ரயில் வந்த பிறகு மாதம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிறாள். முன்பு வருஷத்துக்கு ஒருமுறைதான். அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மேயின் முகத்தைப் பார்த்தேன். வேகம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? காரைக்குடிக்கு எனக்கு ராத்திரி ரயில் எப்போதும் இருந்தது.

நாள் 26

நேற்று ராத்திரி அரிசி நான் ஊறப்போட்டது. இந்தத் தடவை மே கூட நிற்கவில்லை. முற்றத்தில் பாய் விரிக்கப் போய்விட்டார்.

மணம் மாறும்வரை உட்கார்ந்திருந்தேன். மாறியது. கூடையைத் தூக்கினேன். ஒரு குலுக்கு, ஒரு வீச்சு. ‘தொப்.’ அடையாக விழுந்தது, ஒரு பருக்கை சிந்தவில்லை.

பரத்தி ஆறவைத்ததில் ஒரு விள்ளல் எடுத்து மே இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டுக்கொள்ளவில்லை, பிக்குகளுக்கு வைப்பதற்கு முன் சாப்பிட மாட்டார். தலையை மட்டும் ஆட்டினார். தன் கூடையைத் திறந்து அந்தச் சோற்றை அதில் நிரப்பி, மூடி, தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். பிறகு திரும்பிப் பார்த்து, பாயில் தன் பக்கத்தில் இருந்த இடத்தைக் கையால் தட்டினார்.

முரசு அடித்தது. சந்து முனையில் காவி தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.